தண்டவாளத்தை நோக்கி நகர்ந்த தோட்டம்

எனக்குப் பாம்பென்றால் பயமில்லை என்று முதுகுளத்தூர்ப் பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கம்மங்கொல்லையில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவன் அப்படிச் சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வான்? பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் ரயில் பாதையில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன் வேலை கிடைத்து, கடலுக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸுக்குப் பெண்டாட்டியோடு வந்து சேர்ந்த அன்றைக்கே அந்தப் பேச்சு நின்றுபோனது. வீட்டின் பின்கதவைத் தள்ளினேன். பாதிதான் திறந்தது. மீதியை வெளியிலிருந்து காடு பிடித்துக்கொண்டிருந்தது.

காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை. இடுப்புயர நாகதாளிக் கள்ளி, குடை விரித்த மாதிரி உடைமரம், தாழம்புதர், இவற்றுக்கெல்லாம் அடியில் மண் தெரியாமல் பின்னிப் படர்ந்த அடம்பங்கொடி. கடல் பக்கத்து ஓரத்தில் ராவணன் மீசை என்று இங்கே சொல்லும் புல். பெயருக்கேற்ற புல்தான், தொட்டால் ஊசி ஊசியாய் ஏறும். என் பெண்டாட்டி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள என்னெல்லாம் இருக்கும்?" என்றாள். நான் பதில் சொல்லுமுன், பச்சை விறகு அடுப்பில் சீறுவதுபோல ஒரு சத்தம் வாசற்படிக்குக் கீழே கேட்டது. சுருட்டைவிரியன். கதவைச் சாத்தினோம். அன்றிலிருந்து அவள் தரையில் படுக்கவில்லை. நான் தகரப்பெட்டிகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் பலகை பரப்பிக் கொடுத்தேன். அப்போது அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எங்கு பார்த்தாலும் அரிசிக்குத் தட்டுப்பாடு. காலி இடத்திலெல்லாம் பயிர் வையுங்கள் என்று சர்க்கார் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ரயில் பாதையோரத்து நிலத்தையும் அங்கங்கே இருந்த வேலையாட்களுக்கே காய்கறி போடக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பின்னால் கிடந்ததும் அப்படி ஒருவருக்குக் கொடுத்த நிலம்தான். எனக்கு முன்னால் இருந்த கேங்மேன் மாற்றலாகிப் போனபின் யாரும் கேட்கவில்லை. வந்த மாதமே நான் கேட்டேன். கேட்டதற்குக் காரணம் இரண்டு. ஒன்று அந்தச் சீறல். இன்னொன்று, மீன் வாடை பட்டாலே என் பெண்டாட்டிக்குக் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. தீவில் மீனைத் தவிர என்ன கிடைக்கும்? காய்கறி அக்கரையிலிருந்து ரயிலேறி வரவேண்டும். வந்து இறங்கும்போது வதங்கிப்போய்க் கிடக்கும். "இந்தக் கத்தரிக்கா நம்மளவிட ரயில்ல அதிகம் போயிருக்கும் போல. மூஞ்சியப் பாருங்க, நம்ம மேஸ்திரி மாதிரியே இருக்கு" என்பாள்.

மேஸ்திரி எங்கள் கேங்குக்குத் தலைவர். உப்புக் காற்றில் வெந்து சுருங்கிய முகம், ஆனால் நாக்கு மட்டும் சுருங்கவில்லை. நிலம் வேண்டும் என்று நான் போய் நின்றபோது அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"தோட்டம் போடு, கெணறு வெட்டு, தேரு கட்டி இழு. ஒருத்தனும் கேக்க மாட்டான். லயன்ல மட்டும் ஒரு வம்பு வரப்படாது. வந்துச்சு, ஏலே, ஒன்னைய நான் பாத்ததே இல்லம்பேன்."

"தோட்டத்தால லயன்ல என்ன அண்ணே வம்பு வரும்?"

"ஆடு வரும், மாடு வரும், ஆட்டுக்காரி வருவா. எனக்கென்ன தெரியும்? வெவசாயி நீ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் லயனில், அதாவது தண்டவாளத்தில், வம்பு என்றால் என்ன என்பது எனக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த சில நாளிலேயே ஆட்கள் தள்ளிக்கொண்டு போகும் டிராலி ஒன்று, தண்டவாளத்தில் ஏறிக் கிடந்த மணலில் சக்கரம் ஏறிக் கவிழ்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். தள்ளி வந்தவருக்குத் தாடை விலகிவிட்டது. அவ்வளவு மணல்கூட இல்லை, ஒரு முறம் இருக்கும். "காத்து அமுக்குன மண்ணு கல்லு மாதிரிலே. இரும்பு அது மேல ஏறும், ஏறுனா எறங்கத் தெரியாது" என்றார் மேஸ்திரி. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. டிராலிக்கே அப்படி என்றால், கொழும்புக் கப்பலுக்குப் போகிற ஜனத்தைச் சுமந்துகொண்டு தினமும் காலையில் எங்கள் வாசலைக் கடக்கும் மெயில் வண்டியை நினைத்துப் பாருங்கள். நான் நினைத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து அந்த வண்டி ஆடாமல் அசையாமல் கடந்து போனால்தான் எனக்குக் கஞ்சி இறங்கும்.

மாசியில் வெட்டத் தொடங்கினோம். வேலை முடிந்து வந்து வெளிச்சம் இருக்கிற மட்டும் வெட்டுவோம். அவள் பின்னால் நின்று மண்ணெண்ணெய்த் தகரத்தைக் குச்சியால் தட்டிக்கொண்டே இருப்பாள், பாம்பு விலகட்டும் என்று. நான் கவைக்கம்பால் புதரை விலக்கி, ஒரு மூச்சு நின்று கேட்டு, பிறகு அரிவாளைப் போடுவேன். தகரச் சத்தம் நின்றால் நானும் நின்றுவிடுவேன்.

"ஏன் நிறுத்திட்ட?"

"கை வலிக்குதுங்க."

"சொல்லிட்டு நிறுத்து தாயி. எனக்கு உசுரு போயிட்டு வருது."

"ஊர்ல பெரிய சூரன்னு சொல்லித்தான எனக்குக் கட்டி வச்சாக?"

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு முதுகெல்லாம் வியர்வை. நாகதாளியை வெட்டிக் குவித்து, காய்ந்ததும் தீ வைத்தோம். புகைக்குள்ளிருந்து வெளியே வந்தவற்றை எண்ணவில்லை. அடிக்க வேண்டியதை அடித்தேன். ஓடியது ஓடட்டும் என்று விட்டேன்.

பாதிக் காடு போனபிறகு நடுவில் பழைய பாத்திகள் தெரிந்தன. முன்னால் இருந்த கேங்மேன் போட்டவை. கொஞ்சம்போல இடம், இரண்டு கோரைப்பாயை விரித்தால் மூடிவிடும். பக்கத்தில் பனங்கட்டை வைத்துக் கட்டிய ஊற்று, குனிந்து மொள்ளும் ஆழத்தில் நல்ல தண்ணீர். சுற்றிலும் காட்டை அப்படியே விட்டுவிட்டு அந்த மனிதன் நடுவில் மட்டும் கீரை போட்டிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் வரப்பில் ஒரு கோரை நின்றாலே பெண் கொடுக்க யோசிப்பார்கள். புஞ்சையைப் பார்த்துத்தான் ஆளை எடை போடுவது. "சோம்பேறிப் பய. இவ்வளவு நெலத்த வச்சுக்கிட்டு, சாமி மாடம் மாதிரி ஒரு துண்டு வச்சிருந்திருக்கான்" என்றேன். அவளும் அக்கம் பக்கம் எல்லாம் பார்த்துவிட்டு ஆமாம் என்றாள். இரண்டு பேரும் மானாவாரி மண்ணில் பிறந்தவர்கள். எங்களுக்குத் தெரிந்த சுத்தம் ஒன்றுதான். வேர் வரைக்கும் எடு, ஒரு துரும்பு பாக்கி இல்லாமல் கூட்டு.

அப்படியே எடுத்தோம். அடம்பங்கொடியைக் கயிறு இழுப்பதுபோல இருவரும் சேர்ந்து இழுத்தோம். மணலுக்குள் போய்க்கொண்டே இருக்கும், முடிவே வராது. ராவணன் மீசையைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தேன். கை கிழிந்து உப்புக் காற்றில் எரியும். லயனைக் கடந்து கரைக்குப் போகும் அக்காள்மடத்து மரைக்காயர் ஒருவர் தினமும் எங்களைப் பார்த்துக்கொண்டே போவார். சொந்தமாய் வத்தை என்ற படகு வைத்து மீன் பிடித்தவர், வாய் நிறையச் சிரிப்பு.

"என்னா தம்பி, கடக்கரைக்குச் சவரம் பண்றியளா?"

"மாப்பிள்ளைச் சவரம் மரைக்காயரே. சித்திரையில கல்யாணம்."

"பண்ணுங்க, பண்ணுங்க. பொண்ணு கத்தரிக்காயா, சொரக்காயா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டு பொண்டாட்டியா? அல்லா ஒங்களக் காப்பாத்தணும்" என்று என் பெண்டாட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். வத்தை காத்திருக்கும் அவசரம் அவருக்கு. அதற்குமேல் எதையும் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சித்திரையில் நிலம் வெறும் வெள்ளையாய்க் கிடந்தது. வெயிலில் கண் கூசும். பின்கதவை முழுக்கத் திறந்து வைத்து அவள் காற்று வாங்கினாள். பாம்பு பயம் போனது. ஊற்றிலிருந்து பனையோலைப் பட்டையில் மொண்டு ஊற்றி, கத்தரி நாற்று நட்டோம். ஊற்றுப் பக்கம் சுரையும் பூசணியும் கொத்தவரையும் போட்டோம். கீரை முதலில் வந்தது. முதல் கீரையைப் பறித்துக் கடைந்து அவள் சாப்பிட்ட அன்று வாந்தி இல்லை. அதைப் பார்த்து எனக்குள்ளே எழுந்த பெருமையைச் சொல்லி முடியாது. சுரைக்கொடி ஓடி பிஞ்சு இறக்கியபோது மேஸ்திரியே வந்து பார்த்துவிட்டு, "வெறும் மணல்ல கூட வெளையுது பாரு" என்று நாக்கைத் தட்டினார்.

ஆனி பிறந்ததும் கச்சான் கிளம்பியது. மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும் காற்று. முதல் இரண்டு நாள் பேச்சுக்கு இடைஞ்சலாய் இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் விடிந்து பின்கதவைத் திறந்தால், கடல் பக்கத்துக் கத்தரி வரிசையைக் காணவில்லை.

ஆடு மேய்ந்துவிட்டது என்று நினைத்துக் கிட்டப் போனேன். குளம்புத் தடம் இல்லை. மண் அலையலையாய் அழகாய்க் கிடந்தது. குனிந்து கையால் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் நாற்றின் நுனி தட்டுப்பட்டது. நின்ற இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது, மணலுக்கு அடியில். தோண்டி எடுத்து உதறிவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது மறுபடியும் மூடியிருந்தது. இந்தத் தடவை அடுத்த வரிசையும் சேர்ந்து போயிருந்தது.

அப்போது தலை தூக்கி வடக்கே பார்த்தேன். எங்கள் நிலத்தின் அந்த ஓரத்திலிருந்து ஒரு கல் எறிகிற தூரத்தில் லயன். கடற்கரைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் எங்கள் வெள்ளை நிலத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. இரு பக்கத்திலும் பக்கத்து நிலங்களில் காடு காடாக நின்றது. நடுவில் நாங்கள் ஒரு வாசல் திறந்துவிட்டிருந்தோம். அந்தப் பழைய பாத்தியின் நினைப்பு வந்தது. இரண்டு பாய் அகலம். சுற்றிலும் தொடாமல் விட்ட காடு. அந்த மனிதன் சோம்பேறி இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அவளிடம் சொல்லவில்லை. காலையில் வேலைக்குப் போனபோது எங்கள் வீட்டுக்கு நேரே தண்டவாளத்தின் மேல் மெல்லிசாய் மண் ஏறியிருந்தது. கேங்கு முழுக்க நின்று தள்ளினோம். மேஸ்திரி சுற்றிச் சுற்றி வந்தார்.

"இந்த எடத்துல மண்ணே ஏறாதேலே. முனைப் பக்கம்தான் ஏறும். இங்கன என்ன வந்துச்சு?"

சொல்லிக்கொண்டே குனிந்தவர் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் இரண்டு கட்டைகளுக்கு நடுவிலிருந்து எதையோ உருவி எடுத்தார். வேரோடு ஒரு கத்தரி நாற்று. அதன் வேரில் ஒட்டிய மணலில் எங்கள் நாகதாளிச் சாம்பல் கறுப்புக் கறுப்பாய்த் தெரிந்தது. அவர் அதை உயர்த்திப் பிடித்தார்.

"ஏலே வெவசாயி. லயன்ல கத்தரி போடச் சொல்லி ஆர்டர் வந்திருக்கா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. மெதுவாய்த் திரும்பி எங்கள் நிலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம்.

"ஒரு செடி விடலையாலே?"

"இல்லண்ணே."

"வேரு?"

"வேரும் எடுத்துட்டோம்."

"இன்னும் ஆடி முழுக்கக் காத்து கெடக்கு" என்றார். தனுஷ்கோடி முனைப் பக்கம் அதைவிட மோசமாய் மண் ஏறிக்கொண்டிருந்தது, கேங்கை அவர் இங்கே நிறுத்த முடியாது. என்னை மட்டும் வீட்டுக்கு நேரே நிறுத்தினார். ஒரு மம்பட்டி, ஒரு இரும்புச் சட்டி, ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி. "மெயில் வருமுன்ன இரும்பு மேல ஒரு பொட்டு மண்ணு நிக்கப்படாது. முடியலைன்னா செவப்பக் காட்டு. மெயில நிறுத்தினவனை மேல கூப்பிட்டுக் கேப்பான். தோட்டம்னு சொன்னேன்னா வீட்டுக்கு அனுப்புவான். அனுப்பட்டும். நிறுத்தாம விட்டேன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேணாம்."

சொல்ல வேண்டாம்தான். டிராலிக்காரரின் தாடை என் கண்ணில் நின்றது.

பிறகு வந்த நாட்களைப் பற்றி என்ன சொல்ல? விடியும்போதே காற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எழுவேன். கதவிடுக்கில் விசில் அடித்தால் ஒரு மாதிரி, ஓட்டின்மேல் மண் கொட்டும் சத்தம் வந்தால் இன்னொரு மாதிரி. பனையோலைத் தட்டி கட்டி நிலத்தின் ஓரத்தில் நட்டேன். ஒரு பகலில் கிழித்துக் கொண்டுபோய்க் கடலில் போட்டது காற்று. பழைய சாக்கு, பாய், பெண்டாட்டியின் கந்தல் சேலை, எது கிடைத்ததோ அதை விரித்துக் கல் வைத்தேன். மணல் அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. சுரைக்கொடி மட்டும் ஊற்றுப் பக்கத்து ஈரத்தில் பிடித்து நின்றது. அதன் அடியில் மட்டும் மண் அசையவில்லை என்பதை அவள்தான் முதலில் கண்டாள். "கொடி பிடிச்ச எடத்துல நிக்குதுங்க" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டேனே ஒழிய, என்ன செய்வது என்று எனக்குத் தோன்றவில்லை. என் கண்ணெல்லாம் தண்டவாளத்திலேயே இருந்தது.

ஆடி மாதம் ஒரு காலை. வானம் தெரியவில்லை. மண் புகை. நான் ஒரு தண்டவாளத்தைத் துடைத்து மறுதண்டவாளத்துக்குப் போவதற்குள் முதலாவது மூடிக்கொண்டது. மம்பட்டியால் தள்ளினால் காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டது. அப்போது முதுகுப் பக்கம் சரசர என்று சத்தம். பெண்டாட்டி. ஏழாம் மாதத்து வயிற்றோடு, தலையை முக்காடு போட்டு மூடிக்கொண்டு, ஈர்க்கு விளக்குமாற்றால் தண்டவாளத்தின் தலையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள்.

"உள்ள போ!"

"போறேன், போறேன். இந்தப் பக்கம் துடைச்சுட்டுப் போறேன்."

"போ புள்ள! வண்டி வரும்!"

"வரட்டும். நீங்க அந்தப் பக்கத்தப் பாருங்க."

கொஞ்ச நேரம் இருவரும் சேர்ந்து பார்த்தோம். முடியவில்லை. மணல் இரும்புக்கு மேல் ஒரு சாண் ஏறி, ஈரக் காற்றில் இறுகிக்கொண்டு வந்தது. மம்பட்டி போட்டால் கடகட என்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணைச் சுற்றி மண் ஒட்டியிருந்தது.

"கொடியப் பிடிச்சுட்டு ஓடுங்க" என்றாள்.

"வேலை போயிரும்."

"போகட்டும். ஊருக்குப் போயி கம்பு வெதைப்போம். ஓடுங்க!"

சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு வண்டி வரும் திசையில் ஓடினேன். மணலில் கால் புதைகிறது. வாய் திறந்தால் மண். ஓட்டத்தில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவள் வீட்டுக்குள் போகவில்லை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் குனிந்து இன்னும் கூட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் முதுகு. கத்தினேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. காற்றின் இரைச்சல் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி அவளிடம் ஓடுவதா, முன்னால் வண்டியை நோக்கி ஓடுவதா? ஒரு கணம் கால் இரண்டும் இரண்டு பக்கம் இழுத்தது. அப்போது மண் புகைக்குள் ஒரு கறுப்பு தெரிந்தது. எஞ்சின். நான் நினைத்ததைவிடப் பக்கத்தில். முன்னாலேயே ஓடினேன். கொடியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தேன், காற்று சுருட்டிவிடாமல். இந்த மண்ணில் டிரைவர் கண்ணைத் திறந்து வைத்திருப்பாரா? திறந்தாலும் தெரியுமா? தண்டவாளத்தின் நடுவில் நின்றேன், எஞ்சினின் முகம் என் முகத்துக்கு நேரே வளர்கிறவரை நின்றேன். பிறகு ஓரத்தில் விழுந்தேன்.

விசில் ஊளையிட்டது. இரும்பு இரும்பில் தேய்ந்து அலறியது. எஞ்சின் என்னைத் தாண்டியது, முதல் பெட்டி தாண்டியது, இரண்டாவது பெட்டி தாண்டியது. நிற்கவில்லை. நான் எழுந்து பெட்டிகளோடு கூடவே ஓடினேன். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கட்டினதிலிருந்து அதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

வண்டி நின்றது. எஞ்சினுக்கு முன்னால் போய்ப் பார்த்தேன். மண் ஏறிய இடம் இன்னும் சற்றுத் தள்ளி இருந்தது. அவள் அதற்கும் அந்தப் பக்கம், ஜல்லிக் குவியலில் உட்கார்ந்திருந்தாள். கையில் விளக்குமாறு. உதடு வெளுத்திருந்தது.

"கேக்கவே இல்லைங்க" என்றாள். "நெலம் அதிர்ந்துச்சு. அப்பத்தான் நிமிந்தேன்."

நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் கீழே இறங்கி வந்தார். மதுரைப் பக்கத்து ஆள், பேச்சில் தெரிந்தது. முதலில் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளத்தாச்சிய லயன்ல நிறுத்தி வேலை வாங்குறியே, நீ மனுசனாய்யா?"

"நான்தான் வந்தேன்" என்றாள் அவள். "அவுக போகத்தான் சொன்னாக."

அவர் மண்ணைப் பூட்ஸ் காலால் உதைத்துப் பார்த்தார். உதைத்த கால் திரும்பி வந்தது. முகம் மாறியது. கரி அள்ளும் சவலோடு பயர்மேனைக் கீழே கூப்பிட்டார். பெட்டிகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. கப்பல் போய்விடுமா என்று ஒருவர் கத்தினார். "மொதல்ல நாம போவோம், அப்புறம் கப்பலப் பாப்போம்" என்று டிரைவர் பதிலுக்குக் கத்தினார். இரண்டு பயணிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து கையால் அள்ளினார்கள். மண்ணை வெட்டி எடுக்க எடுக்க அவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வெள்ளை நிலத்தில் கண் நின்றது.

"அங்கன என்னய்யா வச்சிருக்க?"

"தோட்டம்யா."

"தோட்டமா? அதான் எஞ்சினுக்கு முன்னால ஓடி வந்துச்சோ?"

நான் குனிந்து மண்ணை வெட்டினேன். மண் நீங்கியதும் வண்டி ஊர்ந்து போனது. ஒவ்வொரு சக்கரமும் அந்த இடத்தைக் கடக்கும்போது என் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பெண்டாட்டி என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் மேஸ்திரி கேங்கோடு வந்தார். வண்டி நின்ற சேதி அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. திட்டுவார் என்று தலை குனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"மேல கேப்பாக. காத்துன்னு சொல்றேன், பொய்யில்ல. நாளைக்கும் மெயில் நின்னுச்சுன்னா காத்துன்னு சொல்ல எனக்கு வாயில்ல. நாளைக்கும் அதே நேரத்துக்குத்தான் அது வரும்."

அப்போதுதான் அவள் பேசினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுரைக்கொடியைக் காட்டி, கொடி பிடித்த இடத்தில் மண் நிற்கிறது என்று சொன்னாள். பிடுங்கியதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தால் என்ன என்று கேட்டாள். மேஸ்திரி கேட்டார்.

"அடம்பங்கொடி நட்டுத் தண்ணி ஊத்துவியா தாயி?"

"ஊத்துறேன்."

"இந்த ஊர்ல மொத ஆளு நீதான்" என்றவர் கேங்கைப் பார்த்துத் திரும்பினார். "என்னலே பாத்துக்கிட்டு நிக்கிறிய? வெட்டுங்க."

பக்கத்துக் காட்டிலும் கரையிலும் போய்க் கொடியை வெட்டிக் கூடை கூடையாய்க் கொண்டு வந்தார்கள். நிலத்தின் கடல் ஓரத்தில் வரிசை வரிசையாய்ப் புதைத்தோம். கத்தரி நாற்று நடுவதுபோலவே, அதே கையால், அதே இடைவெளி விட்டு. நட்டது மூடிப்போகாமல் இருக்க என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கரையிலிருந்து மரைக்காயர் தன் ஆட்களோடு வந்தார். தோளில் கிழிந்த கரைவலை.

"சவரம் பண்ணின மூஞ்சிக்கு மீசை ஒட்டுறியளாமே, கேள்விப்பட்டேன்" என்றார். அன்று அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த வண்டியில் அவர் மச்சான் கொழும்புக்குப் போயிருந்தாராம். வலையைக் கொடியின்மேல் விரித்து, உடைமர முள்ளையும் கட்டையையும் வைத்து ஓரத்தைக் குத்தி அமுக்கினார்கள். காற்று வலைக்கு அடியில் புகுந்து உப்பிப் பார்த்தது, பிறகு தணிந்தது. இருட்டும்வரை ஊற்றுத் தண்ணீரை மொண்டு அந்தக் காட்டுக்கொடிக்கே ஊற்றினேன். சுரைக்கு அன்று தண்ணீர் இல்லை. என் கையால் வேரோடு பிடுங்கிய அதே செடிக்கு, பிள்ளைக்குப் பால் புகட்டுவதுபோல ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியும்போது காற்று குறையவில்லை. ஓட்டின்மேல் மண் கொட்டும் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். வலை பாதி மூடியிருந்தது. ஆனால் மண் அங்கேயே திட்டாய் நின்றது. தண்டவாளத்தின் மேல் தூவினாற்போல கொஞ்சம் இருந்தது. துடைத்தேன். திரும்ப வருவதற்குள் மறுபடியும் கொஞ்சம் வந்தது. துடைத்தேன். மண் புகைக்குள் எஞ்சின் வந்தபோது என் இடது கையில் பச்சைக் கொடி, வலது கையில் சிவப்புக் கொடி இருந்தது. பச்சையைத்தான் காட்டினேன், ஆனால் சிவப்பைக் கீழே போடவில்லை.

வண்டி மெதுவாய் வந்தது. நேற்றைய டிரைவரே. அவர் வெளியே எட்டி, தண்டவாளத்தைப் பார்க்கவில்லை, எங்கள் நிலத்தைப் பார்த்தார். எஞ்சின் கடந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாய்க் கடந்தன. கார்டு வண்டி கடந்து மண் புகைக்குள் மறைகிறவரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

பின்னால் திரும்பினால், அவள் ஏற்கெனவே வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நேற்றுப் புதைத்ததில் காற்று பறித்துப் போட்ட கொடிகளைத் திரும்பக் குழிபறித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"மூச்ச விடுங்க" என்றாள், தலை நிமிராமலேயே. "அந்தக் கூடைய இங்கிட்டுத் தள்ளுங்க. நாளைக்கும் வண்டி வருமுல்ல?"